சினிமாக் கொட்டகைகள் போன வழி: சென்னை, மதுரை, கோவை

ஜூலை 14, திங்கள். சென்னை, அண்ணா சாலை

காலை ஒன்பதரைக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் போய், தபால்தலை சேகரிப்புப் பிரிவு எங்கே என்று கேட்டால் கை காட்டுகிறார்கள். அந்தக் கூடம்தான் 1913-ல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர். சென்னையின் முதல் நிரந்தரக் கொட்டகைகளில் ஒன்று. 1915-ல் தபால் துறை அதை வாங்கிக்கொண்டது. படம் ஓடியது இரண்டே ஆண்டு, தபால் வேலை நடப்பது நூறு ஆண்டுக்கும் மேல். கவுன்ட்டரில் இருந்தவர் தலைமுடி நரைத்தவர், பொறுமைசாலி. "தியேட்டரைப் பாக்க வந்தீங்களா, ஸ்டாம்ப் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, "ரெண்டும்னா இப்படி உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இந்தக் கட்டடம் பிழைத்ததற்குக் காரணம் யாரும் நினைவுச்சின்னமாகப் போற்றியதல்ல. உள்ளே தினமும் ஆள் வேலை செய்கிறார். ஆள் இருந்தால் ஒழுகலைப் பற்றிப் புகார் எழுதுவார், புகார் எழுதினால் கூரையில் ஆள் ஏறுவார். மௌனப்படக் காலத்துக் கூடம் என்பதால் அளவும் சிறிது, வேறு வேலைக்கு எளிதாகப் பொருந்திவிட்டது.

வெளியே வந்தால் சாலை நெடுக இல்லாதவற்றின் வரிசைதான். நியூ எல்ஃபின்ஸ்டன் இருந்த இடத்தில் ரஹேஜா வளாகம். வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா, பெயர் மட்டும் மிச்சம். பிளாக்கர்ஸ் சாலையில் ரகுபதி வெங்கையா 1914-ல் கட்டிய கெயிட்டி, தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் கொட்டகைகளில் சேர்ந்தது, தரைமட்டமாகிவிட்டது. காமராஜர் திறந்துவைத்த சாந்தி 1961 முதல் 2016 வரை ஓடி, இன்று வணிகக் கட்டடம். ஜெமினி பக்கத்தில் 1964-ல் வந்த சபையர், ப்ளூ டயமண்ட், எமரால்டு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன; நாட்டில் அப்படி முதலில் வந்தவற்றில் ஒன்று. 1994-ல் மூடி இடித்தார்கள். அந்த நிலம் நெடுங்காலம் வெறுமனே கிடந்தது. எதையும் கட்டும் திட்டம் கையில் இல்லாமலே இடிப்பது எவ்வளவு வீண் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எல்லாம் போய்விடவில்லை. 1941-ல் வந்த கேசினோ இன்னும் ஓடுகிறது. 1970-ல் திறந்த தேவி இன்னும் ஓடுகிறது. பிற்பகல் காட்சிக்கு தேவி வாசலில் கல்லூரிப் பையன்கள் கூட்டம். பக்கத்துச் சந்தில் டீ 15 ரூபாய், மசால் வடை 10.

ஜூலை 15, செவ்வாய். வடசென்னை

முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று ஜார்ஜ் டவுனில் கினிமா சென்ட்ரலில் வெளியானது. பின்னாளில் அது முருகன் டாக்கீஸ். இன்று மிண்ட் தெருவில் அதைப் பற்றி விசாரித்தால், மூன்றாவது ஆள்தான் பதில் சொல்கிறார். முதல் இருவரும் முறுக்கு சாண்ட்விச் கடைக்கு வழி சொன்னார்கள். வழி சரியானதுதான். முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. ஒரு தட்டு 60 ரூபாய், காரம் தூக்கல்.

தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-ல் திறந்தது, 2020 ஊரடங்கோடு முடிந்தது. அது கடைசி அடிதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம், அதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி 30 சதவீதம் என்று அறிவிப்பு வந்து, மாநிலம் முழுக்கத் தியேட்டர்களைச் சில நாள் மூடிப் போராடினார்கள். வரி பின்னர் குறைந்தது. ஆனால் ஒற்றைத் திரை வைத்திருப்பவர்கள் இடத்துக்கு என்ன விலை வரும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

மாலையில் பூட்டிக்கிடக்கும் ஒரு தியேட்டருக்குள் போகக் கிடைத்தது. பெயர் வேண்டாம், வாரிசுகளுக்குள் வழக்கு நடக்கிறது. காவலாளி திருநெல்வேலிக்காரர். "செருப்பக் கழட்டாதீங்க, ஆணி கிடக்கு" என்று முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தார்.

பூட்டிய கொட்டகை சாவது ஒரே ஒழுங்கில்தான். முதலில் மின் இணைப்பைத் துண்டிப்பார்கள். காற்றோட்டத்துக்கு இருந்த எக்ஸாஸ்ட் மின்விசிறி நிற்கும்; ஜன்னலே இல்லாத கட்டடம் என்பதால் ஈரம் உள்ளேயே தங்கும். அடுத்து கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிடிக்கிற கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட்டின் தார் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். துளிதுளியாக இறங்கும் நீர் அடியில் இருக்கும் ஒலி உறிஞ்சும் அட்டை உள்கூரையை ஊறவைக்கும். ஊறிய அட்டை தன் எடையாலேயே தொங்கி, ஒரு நாள் மொத்தமாக இருக்கைகள் மேல் விழும். தென்னைநார் திணித்த இருக்கைகளில் எலியும் கரையானும் குடியேறும். கடைசியில், கூரையைத் தாங்கும் சட்டமான இரும்பு டிரஸ்ஸின் கால். அது சுவருக்குள் கல் மேல் உட்காரும் இடத்தில்தான் துரு அதிகம். துருப்பிடித்த இரும்பு உப்பும், உப்பினால் சுவர் பிளக்கும். அந்தப் பிளவில் அரசங்கன்று வந்துவிட்டால் பிறகு பழுதுபார்ப்புச் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் ஆரம்பம் பெரும்பாலும் ஒரே இடம்: முன்பக்கக் கட்டடமும் கூடத்தின் பெரிய கூரையும் சேரும் பள்ள வாய்க்கால். இலையும் புறா எச்சமும் அடைத்துக்கொள்ள, நீர் பின்வாங்கிச் சுவரில் இறங்கும். சித்திரையில் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை, ஒரு ஆளை ஏற்றி வாய்க்காலை அள்ளிவிட்டு, வாஷர்களைப் பார்த்து மாற்றினால் போதும். இரண்டு நாள் கூலி. ஷீட் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டு, கீழே சட்டம் ஓடும் கோட்டின் மேல்தான் நடக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சொல்லாமல் உடையும்.

திரும்பும்போது இடியோடு மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ எதுவும் வரவில்லை. காவலாளி தன் குடையைக் கொடுத்து, "நாளைக்குக் கடைக்காரர்ட்ட குடுத்துருங்க, நான் வாங்கிக்கிடுதேன்" என்றார். முகவரிகூடக் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன். மதுரை

ஆடி முதல் தேதி. ரயிலைவிட்டு இறங்கியதும் காற்றும் புழுதியும். ஆட்டோக்காரரிடம் தங்கம் தியேட்டர் என்று மட்டும் சொன்னதற்கு, "அது ஜவுளிக்கடை ஆகி வருசக்கணக்காச்சுண்ணே, நடந்தே போயிரலாம்" என்று சவாரியை விட்டுக்கொடுத்தார்.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்தது. 2,500-க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஊரே நம்பியது. 1990-களின் நடுவில் மூடி, பல ஆண்டு கிடந்து, பிறகு இடிக்கப்பட்டது. இப்போது அங்கே சென்னை சில்க்ஸ். ஆடித் தள்ளுபடி என்பதால் வாசலில் திருவிழாக் கூட்டம், பிள்ளைகள் கையில் பலூன். ஒரு காட்சிக்கு வந்திருக்கக்கூடிய கூட்டம் அது என்று தோன்றாமல் இல்லை.

தங்கம் ஏன் போனது என்று கேட்டால் டிவி என்று எல்லோரும் சொல்வார்கள். 1993-ல் சன் டிவி வந்ததும் உண்மை, அதற்கு முன்பே வீடியோ கேசட் வந்ததும் உண்மை. ஆனால் பெரிய கூடங்களை வேரோடு சாய்த்தது பிரதிகளின் எண்ணிக்கை. முன்பு ஒரு படத்துக்கு மாநிலம் முழுக்க எண்ணி எண்ணித்தான் பிரதி போடுவார்கள். மதுரைக்கு ஒரு பிரதி, ஒரு தியேட்டர். சுற்றியுள்ள கிராமமெல்லாம் அங்கேயே வந்தாக வேண்டும், நூறு நாள் ஓடும். அந்தக் கணக்குக்கு 2,500 இருக்கை சரி. பிறகு ஒரே ஊரில் நாலைந்து தியேட்டரில், சுற்று ஊர்களிலும் அதே நாளில் வெளியிட்டு, இரண்டு வாரத்தில் பணத்தை எடுத்துவிடும் வழக்கம் வந்தது. அதன்பின் அவ்வளவு பெரிய கூடத்தில் முன்னூறு பேர் உட்கார்ந்தால் விளக்குச் செலவுக்கே தட்டுப்பாடு. ஏசி போடவும் முடியாது. குளிரூட்டும் செலவு ஆள் கணக்கில் மட்டும் வருவதில்லை, கூடத்தின் கன அளவிலும் வருகிறது. கூரை உயரமாக உயரமாகச் செலவும் ஏறும்.

படம் கட்டடம் எழுப்பிய காலமும் மதுரைக்கு உண்டு. 1937-ல் வந்த 'சிந்தாமணி' ஓராண்டுக்கு மேல் ஓடி, அந்த லாபத்தில் கட்டிய தியேட்டருக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். அங்கும் இப்போது படம் கிடையாது.

இரவு கீழவாசல் பக்கம் பருத்திப்பால், 20 ரூபாய். கருப்பட்டியும் சுக்கும் தூக்கலாக இருந்தது. புழுதியில் கமறிய தொண்டைக்கு அதுதான் மருந்து.

ஜூலை 18, வெள்ளி. திண்டுக்கல் சாலையில் ஓர் ஊர்

முதல் ஆடி வெள்ளி. பேருந்து நிறுத்தத்திலிருந்தே அம்மன் பாட்டு காதைப் பிளக்கிறது. கோயில் வாசலில் நின்ற ஒரு அம்மா, யார் எவர் என்று கேட்காமல் கையில் கூழ் டம்ளரைத் திணித்தார். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கூடவே. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் தியேட்டராக இருந்து மண்டபமாக மாறிய கட்டடம் காலியாக இருந்தது. மேலாளர் சாவியைக் கொடுத்துவிட்டு, "பொறுமையாப் பாத்துட்டு வாங்க" என்றார்.

தூண் இல்லாமல் 60 அடி அகலத்தைத் தாண்டும் இரும்பு டிரஸ், இரு பக்கமும் வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், வாசலில் விசாலமான இடம். தியேட்டர் மண்டபமாவதற்கு இவை எல்லாம் சாதகம். ஒன்று மட்டும் பாதகம், தரைச் சரிவு.

கணக்கு இப்படி. கூடம் 96 அடி நீளம். 12 அடிக்கு 1 அடி சரிவு என்றால் திரைப் பக்கம் 8 அடி பள்ளம். சமன் செய்ய சராசரி 4 அடி நிரப்ப வேண்டும்: 96 பெருக்கல் 60 பெருக்கல் 4, அதாவது 23,040 கன அடி; நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 230 யூனிட். கெட்டிக்கும்போது அமுங்குவதைச் சேர்த்தால் 280 யூனிட் கிராவல் கொண்டுவர வேண்டும். டிப்பருக்கு 3 யூனிட் வீதம் தொண்ணூற்றுச் சொச்சம் நடை. இதை ஒரு வாரத்தில் கொட்டி, மேலே தண்ணீர் விட்டு, டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு தொடங்குகிறது. முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, நனைத்து, ரோலரோ, இடித்துக் கெட்டிக்கும் ராம்மரோ ஓட்டி, அது கெட்டியான பிறகுதான் அடுத்த அடுக்கு. அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு மழைக்காலத்துக்குள் மேடைப் பக்கத் தரை உட்காரும். இங்கேயும் மேடைக்கு முன் மூன்று வரிசை டைல்ஸ் வெடித்துப் பெயர்ந்திருக்கிறது. விரிப்பைப் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து சுவருக்கு. கூரையைத் தாங்கக் கட்டிய செங்கல் சுவர் அது. 8 அடி மண் பக்கவாட்டில் தள்ளுவதைத் தாங்கக் கட்டியதல்ல. உள்பக்கம் தனியாகத் தடுப்புச்சுவர் எழுப்பி, நீர் வடியத் துளை விட்ட பிறகுதான் மண் கொட்ட வேண்டும். இந்தக் கட்டடத்தின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் படுக்கைவாக்கில் ஒரு விரிசல், வெளியே உப்புப் பூத்த ஈரம். மேலாளரிடம் சொன்னபோது, பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லை என்றார். பெயிண்ட்டால் நிற்காது.

மண்ணே வேண்டாம் என்பதுதான் நல்ல வழி. பத்தடிக்கு ஒரு குறுக்குச்சுவர் எழுப்பி அதன் மேல் கான்கிரீட் தளம் போட்டால், திரைப் பக்கம் அடியில் ஏழு அடிக்கு மேல் உயரமான அறை கிடைக்கும். பாத்திரம், நாற்காலி, ஜெனரேட்டர் வயர் எல்லாம் அங்கே போகும். செலவு கூடுதல்தான், ஆனால் ஒரே முறை.

எதிரொலி இன்னொரு தொல்லை. புறா எச்சமும் பூஞ்சையும் பிடித்தது என்று சுவர்களில் இருந்த ஒலி உறிஞ்சும் அட்டையைப் பிய்த்து, சிமென்ட் பூசி, பளபளப்பாகப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அப்புறம் தவில் அடித்தால் தாளமே குழம்புகிறது, மைக்கில் பேசுவது ஒருவருக்கும் புரிவதில்லை. எல்லாச் சுவரையும் பிய்க்க வேண்டியதில்லை. பின்சுவரையும் கூரையையும் ஒலி உறிஞ்சும்படி விட்டாலே பாதிக்கு மேல் சரியாகும்.

பால்கனியில் பழைய கட்டில்களும் அரிசி மூட்டைகளும் அடுக்கியிருந்தார்கள். ஆட்கள் உட்காருவதற்குக் கணக்கிட்டு, முன்பக்கம் தூணில்லாமல் நீட்டிய தளம் அது. மூட்டை அடுக்குவதானால் பின்சுவரை ஒட்டி மட்டும், இடுப்புயரத்துக்கு மேல் போகாமல். மேலாளர் குறித்துக்கொண்டார்.

டிக்கெட் வரிசைக்கான கம்பிக் கூண்டை மட்டும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு ஆள் பக்கவாட்டில்கூடத் திரும்ப முடியாத அகலம், முடிவில் கை மட்டும் நுழையும் ஓட்டை. இப்போது அது செருப்பு வைக்கும் இடம்.

ஜூலை 20, ஞாயிறு. கோவை

தூறல் விடவே இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குடையை நிமிரவிடவில்லை.

வெரைட்டி ஹால் ரோடு. ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியும் படச்சுருள்களும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1914-ல் இங்கே நிலையாகக் கட்டியது வெரைட்டி ஹால். பிறகு டிலைட் என்று பெயர் மாறி, கடைசிக் காலத்தில் பழைய படங்களைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்து, இப்போது இடிபட்டுவிட்டது. சாலைப் பலகையில் மட்டும் பழைய பெயர். நூறாண்டு கண்ட கட்டடத்தை, அளவெடுத்து ஒரு வரைபடமாவது பொதுப் பார்வைக்கு வைத்துவிட்டு இடித்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

ஊருக்குள் இன்னும் ஓடும் ஒரு பழைய தியேட்டரில், காலைக் காட்சிக்கு முன் ஆபரேட்டர் அறைக்குள் போக முடிந்தது. பெரியவருக்கு வயது எழுபது தாண்டியிருக்கும். "ஏறி வாங்க, படி செங்குத்துங்க, கைப்பிடியப் புடிச்சுக்குங்க" என்றார்.

பழைய தியேட்டரை அடையாளம் காண இந்த அறையைப் பார்த்தால் போதும். இரண்டு புரொஜெக்டருக்கு நான்கு ஓட்டைகள்: ஒளி போக ஒன்று, ஆபரேட்டர் பார்க்க ஒன்று, அதுபோல் இரண்டு ஜோடி. ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் தகடு, உருகும் ஈயக் கண்ணியில் தொங்கும். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரில்கூட அணையாது. கண்ணி உருகித் தகடு விழுந்து தீயை அறைக்குள்ளேயே அடைக்கும். படிக்கட்டும் தனியாக வெளியிலிருந்து வைத்தது அதனால்தான். கூரையில் இரண்டு புகைபோக்கிகள், கார்பன் புகைக்கு.

அந்தக் காலத்து விளக்கில் நடுவே மின்சுடர் எரியும் கார்பன் குச்சிகள் இரண்டின் நுனியும் விலகாமல், ஒட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை என்றார் பெரியவர். எரிய எரிய இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மஞ்சளாகும், முன்வரிசையில் விசில் பறக்கும். 2,000 அடி ரீல் 22 நிமிடம். முடிவதற்குச் சில விநாடி முன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும்: அடுத்த இயந்திரத்தை ஓட்டு. இரண்டாம் புள்ளி: மாற்று. பிறகு செனான் விளக்கு வந்தது, அதன் பிறகு டிஜிட்டல்.

டிஜிட்டல் இயந்திரத்தைப் பழைய அறையில் வைக்கும்போது புகைபோக்கியை அடைக்க மறந்தால் தூசு உள்ளே கொட்டும். ஒளி போகும் பாதையில் தூசு படிந்தால் திரையில் கறை போல் நிற்கும், உள்ளே இருக்கும் மின்னணு போர்டும் சூடேறிப் போகும். இங்கே தகரம் வைத்து, விளிம்பில் சிலிக்கான் பூசி அடைத்திருக்கிறார்கள். அறைக்குத் தனி ஏசி.

கீழே ஆயிரத்துக்குமேல் இருந்த கூடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: கீழ்த்தளம் ஒரு திரை, பால்கனிக்கு முன் சுவரெழுப்பி இன்னொரு திரை. அந்தக் குறுக்குச்சுவர் ஒற்றைச் சுவரானால் கீழே வெடிக்கும் குண்டு மேலே அழுகைக் காட்சியில் கேட்கும். இரண்டு சுவர், நடுவே இடைவெளி, அதில் கண்ணாடி நார்ப் பஞ்சு என்று இங்கே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். வெளியேறும் வழியும் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி; அது இல்லாமல் உரிமம் புதுப்பிப்பது நடக்காது. பிழைக்க நினைக்கும் தியேட்டருக்கு இதைவிட நல்ல வழி வேறெதுவும் இந்தப் பயணத்தில் கண்ணில் படவில்லை.

இறங்கும்போது பெரியவர் தகரப் பெட்டியைத் திறந்து, செம்பு பூசிய இரண்டு கார்பன் துண்டுகளைக் காட்டி, மறுபடி பூட்டி வைத்தார். மதியம் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. தூறலுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை.

ஜூலை 21, திங்கள். கோவை, பழைய சாமான் கிடங்கு

இடித்த தியேட்டர்கள் கடைசியாக வந்து சேரும் இடம். கிடங்குக்காரர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். ஏலம் எடுத்தவுடன் முதலில் கழற்றுவது தேக்குக் கதவும் படிக்கட்டுப் பலகையும், மழை படக்கூடாது. பழைய பர்மா தேக்கு கன அடி 3,500 ரூபாய் சொன்னார், ஆணி ஓட்டை அதிகமிருந்தால் குறையும். அடுத்து செம்பு வயர். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைத் தண்ணீர் தெளித்து, போல்ட்டை அறுத்து, முழுசாக இறக்க வேண்டும். அடித்து உடைத்தால் தூள் நெஞ்சுக்குள் போகும். அவருடைய ஆட்களுக்கு முகக்கவசம் கொடுக்கிறாரா என்று கேட்டதற்கு, "குடுக்கறேனுங்க, போட மாட்டேங்கறாங்க" என்றார். போடாதவருக்குக் கூலி பிடித்தால் போடுவார்கள் என்றேன்; யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

டிரஸ்ஸைக் கடைசியில்தான் எடுப்பது, ஒன்று விட்டு ஒன்றாக அல்ல, ஒரு கோடியிலிருந்து வரிசையாக. நடுவில் ஒன்றைக் கழற்றினால் பக்கத்தில் உள்ளவை சாயும். இரும்பு எடைக்குத்தான், கிலோ 35 ரூபாய். வார்ப்பிரும்புக் கால் வைத்த இருக்கைகளை ஓட்டல் அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்களாம், ஜோடியாக. புரொஜெக்டர் வந்தால் கண்ணாடி, லென்ஸ் தனி, உடல் எடைக்கு.

யாரும் கேட்காதவை ஒரு மூலையில் கிடந்தன: உரிமச் சட்டகம், வகுப்புவாரிக் கட்டணப் பலகை, தினசரி வசூல் எழுதிய நோட்டுகள். ஒரு ஊர் எந்த ஆண்டு எத்தனை பேராகப் படம் பார்த்தது என்பதற்கு அந்த நோட்டுகளைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பழைய காகிதம் கிலோ கணக்கில் போகிறது. நாலு நோட்டும் கட்டணப் பலகையும் சேர்த்து 600 ரூபாய்க்குக் கொடுத்தார். அடுத்த மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொட்டகை ஏலத்துக்கு வருகிறதாம். இடிப்பதற்கு முதல் நாள் சொல்கிறேன், அளவெடுக்க டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எண்ணை வாங்கிக்கொண்டார்.